தகட்டாரின் எட்டு நிமிடக் கடல்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. எங்கள் ஒழுங்கையில் போஸ்ட்மாஸ்டர் ஐயாவின் மேல்வீட்டுக்கு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாகக் குடிவந்தார்.
2. அவருக்குப் பின்னால் ஒரு லொறியில், இறப்பர் பாலைத் தட்டையாக்கும் பெரிய இரும்பு உருளை ஒன்று வந்தது. திருகோணமலையில் இறப்பர் மரம் கிடையாது.
3. மேல்வீட்டு யன்னலில் இருந்து குங்கிலியப் புகை வரத் தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அல்ல.
4. பக்கத்து வீட்டு மலர் அக்காவிடம் அவர் கோழி இறகு கேட்டார்.
5. மலர் அக்காவின் வளவில், மண்ணுக்குள் இருந்து ஒரு செப்புத் தகடு வெளிப்பட்டது.
6. வீதிச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் விசாரித்து, அறிக்கை எழுதி, கையெழுத்திட்டேன்.
7. அந்த அறிக்கை பிழை.

ஏழாவதை முதலில் எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை.

திருகோணமலைக்கு வந்தவர்கள், வந்து போனவர்கள், போகாமல் தங்கிவிட்டவர்கள் எல்லோரிலும் கூடுதலாகச் சந்தேகிக்கப்பட்ட மனிதர் தகட்டார்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். இது சின்ன விசயம் அல்ல. இது துறைமுகம் உள்ள ஊர். புதிதாக ஒருவர் வந்தால் அவர் ஏன் வந்தார், யாரிடம் வந்தார், எப்போது போவார் என்று யோசிப்பதில் எங்களுக்குப் பல வருடப் பயிற்சி இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் முதலிடம் பிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும். தகட்டாரிடம் அது நிறைய இருந்தது.

அவருடைய உண்மைப் பெயர் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை ஒருவரும் பாவித்ததில்லை. மேலே சொன்ன ஐந்தாவது சம்பவத்துக்குப் பிறகு அவர் எல்லோருக்கும் தகட்டார். நெட்டையான ஆள். மூக்குக் கண்ணாடியை மீன்பிடி நைலோன் நூலால் கழுத்தில் கட்டியிருப்பார். சேர்ட் எப்போதும் வெள்ளை, உள்ளங்கை எப்போதும் கறுப்பு. இந்த இரண்டும் ஒரே ஆளில் எப்படி இருக்கலாம் என்பதுதான் எங்கள் முதல் சந்தேகம்.

அவர் கடைக்குப் போனால் வாங்கும் பொருட்களையும் நாங்கள் கவனித்தோம். மெழுகுதிரி. தேன்மெழுகு. வள்ளத்தின் ஓட்டை அடைக்கும் சாமான் விற்கிற கடையில் குங்கிலியம். வலை போன்ற வெள்ளைத் துணி. நகைப் பட்டறைக்காரரிடம் ஒரு போத்தல் அசிட். அரிசி, பருப்பு வாங்கியதை யாரும் காணவில்லை. வாங்கியிருப்பார். அதை ஏன் நாங்கள் கவனிக்க வேண்டும்?

ஒவ்வொருவரும் தங்கள் தொழிலுக்கு ஏற்ப அவரைச் சந்தேகித்தார்கள். சந்தியில் ஓட்டோ வைத்திருப்பவர், "உது கசிப்புக் காய்ச்சிறதுதான், எனக்குக் கள்ளச்சாராய மணம் தெரியும்" என்றார். போஸ்ட்மாஸ்டர் ஐயா ஓய்வு பெற்றுப் பல காலமாகியும் தபால் கந்தோரை விட்டு மனதால் வெளியே வராதவர். அவர் என்னைப் படலைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உவரிட்டப் பூதக்கண்ணாடி இருக்கு. மை இருக்கு. உருட்டுற மெசினும் இருக்கு. உவர் முத்திரை அடிக்கிறார்."

"இந்தக் காலத்தில ஆர் ஐயா கடிதம் எழுதுகினம், முத்திரை அடிக்கிறதுக்கு?"

"அதுதான் பிள்ளை சந்தேகம்!"

மலர் அக்கா இடியப்பம் அவித்து விற்பவர். அவருடைய சந்தேகம் கோழி இறகில் தொடங்கியது. அன்று மதிலுக்கு மேலாக நடந்த உரையாடலை அவர் எனக்கு இருபது தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவையும் சொல் மாறியதில்லை.

"அக்கா, உங்கட சிவப்புக் கோழியின்ர செட்டை இறகு ஒண்டு தருவீங்களா?"

"கோழி வேணுமா?"

"இல்லை, இறகு காணும்."

"என்னத்துக்கு?"

"கடலில குமிழி வருது. தடவி விடோணும்."

அக்கா உள்ளே போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் இறகு விழுகிற இடத்தில் விழத்தான் செய்தது. தகட்டார் காலையில் மதிலோரம் வந்து, கீழே கிடக்கும் இறகுகளைப் பொறுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போடுவார். இடையில் கோழியையும் நெடுநேரம் உற்றுப் பார்ப்பார். கோழி முட்டை இடுவதை நிறுத்தியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். ஒரு பெரிய மனிதர் நாள்முழுக்க உற்றுப் பார்த்தால் எனக்கும் வேலை ஓடாது.

கதைக்கப் போனாலும் சிக்கல்தான். "சுகமா இருக்கிறியளா?" என்று கேட்டால், அவர் வானத்தைப் பார்த்து, "இண்டைக்கு மூண்டு நிமிசம்" என்பார். மழை இருட்டினால் "இருபது நிமிசம்" என்பார். போஸ்ட்மாஸ்டர் ஐயா கறுப்புக் குடையோடு வந்தால், "முப்பது நிமிசம் வருகுது" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். முப்பது நிமிடத்தில் என்ன வரப்போகிறது என்று ஓட்டோக்காரர் ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் வரவில்லை. அதனால் சந்தேகம் கூடியது.

மான் விசயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் நிற்கும், பொலித்தீன் பையையும் விடாது. தகட்டார் ஒருநாள் தடித்த வெள்ளைத் தாள்களையும் கரிய படம் அச்சடித்த தாள்களையும் மதிலில் காயப்போட்டிருந்தார். மான் ஒன்று வந்து வெள்ளைத் தாள்களை மட்டும் தின்றுவிட்டு, அச்சடித்தவற்றை மணந்து பார்த்துவிட்டுப் போனது. தகட்டார் துக்கத்தோடு சொன்னார்: "மானும் வெள்ளையைத்தான் தின்னுது. கறுப்பை ஒருத்தரும் தொடுறேல்ல."

"பாத்தியளா?" என்றார் மலர் அக்கா. "வாயில்லாச் சீவனுக்குத் தெரியுது, அதில என்னவோ இருக்கெண்டு."

பிறகுதான் தகடு வந்தது. மாதுளங் கன்று நட மலர் அக்கா குழி வெட்டினார். மண்வெட்டியில் 'ணங்' என்று ஏதோ பட்டது. உள்ளங்கை அளவு செப்புத் தகடு. அதில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஒரு மூலையில் இலக்கம். இலக்கங்கள் எல்லாம் இடம் வலம் மாறி, மறுபக்கமாகத் திரும்பியிருந்தன.

எங்கள் பக்கத்தில் செப்புத் தகடு மண்ணுக்குள் இருந்து வந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள். குங்கிலியப் புகை, மெழுகுதிரி, கோழி இறகு, இப்போது கட்டம் போட்டு இலக்கம் எழுதிய தகடு. இனி என்ன வேண்டும்? அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு திண்ணமாக எண்ணிச் சொன்னார்: நிலாவெளியில் மகளுக்குப் பேசிய சம்பந்தம் குழம்பியது, கோழி முட்டை இடாதது, இடியப்ப உரல் வெடித்தது. மூன்றும் மேல்வீட்டு ஆள் வந்த பிறகு.

வீதிச் சங்கம் கூடியது. போஸ்ட்மாஸ்டர் ஐயா கதிரையில் நிமிர்ந்து இருந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளை, நீர் படிச்ச ஆள். தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆள். போய்ப் பாத்து எழுதித் தாரும். பிழை இல்லையெண்டு எழுதினா அவர் இருக்கட்டும். பிழையெண்டு எழுதினா ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சாமான் ஏத்தட்டும்."

என் தொழில் படவரைதல். ஓர் அலுவலகத்தில் வீதிகளுக்கும் வடிகால்களுக்கும் படம் வரைகிறேன். எங்கள் வேலையில் கோட்டின் தடிப்புக்கே விதி இருக்கிறது. மலர் அக்காவின் செய்வினைக் கதையைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

புதன்கிழமை காலை, கொப்பியையும் சான்றுப்பொருளான தகட்டையும் கையில் எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்கு ஏறினேன். தகட்டார் தகட்டைக் கண்டதும் துள்ளினார்.

"எங்க கிடந்தது! ரெண்டு மாசமாத் தேடுறன்!"

"மண்ணுக்குள்ள. ஏன் புதைச்சனீங்கள்?"

"நான் ஏன் புதைக்கிறன்? யன்னலில காயவைச்சனான், விழுந்திட்டுது. கோழி கிளறி மூடியிருக்கும்."

'தகடு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன்.

"இந்த இலக்கம் என்ன?"

"நிமிசம்."

"என்ன நிமிசம்?"

"அசிட்டுக்குள்ள கிடந்த நிமிசம், தங்கச்சி. ஒரு நிமிசம் கிடந்தா மெல்லிய மங்கல். முப்பது கிடந்தா கரி. எந்த மங்கலுக்கு எத்தினை நிமிசமெண்டு பாக்கிறதுக்கு வைச்ச தகடு இது."

அவர் செய்வது செப்புத் தகட்டில் அசிட்டால் அரித்து எடுக்கும் படம். தகட்டில் மெழுகு பூசி, மெழுகுதிரிப் புகையில் கறுப்பாக்கி, ஊசியால் கீறுவார். கீறிய இடத்தை அசிட் அரிக்கும். அதுதான் கோடு. கோடில்லாத மங்கல் வேண்டுமென்றால் குங்கிலியத்தை மாவாக்கித் தகட்டில் தூவி, கீழே நெருப்புக் காட்டி உருக வைப்பார். அந்தத் துகள்களுக்கு இடையில் அசிட் அரித்தால் தகடு மணல் போலச் சொரசொரக்கும். அதில் மை பிடிக்கும். அசிட்டில் குமிழி வரும். குமிழி நின்ற இடத்தில் அசிட் சரியாக அரிக்காது, அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். குமிழியைத் தடவி விடுவதற்குத்தான் இறகு. இறப்பர் உருளை, தாளையும் தகட்டையும் சேர்த்து அழுத்துவதற்கு.

இவ்வளவையும் அவர் சொன்னார். நான் எழுதினேன். எழுதியும் நம்பவில்லை. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருக்கும் ஆளை எப்படி நம்புவது?

பிறகு யன்னலோரம் இருந்த பெரிய தகட்டைக் காட்டினார். உள்துறைமுகம். மலை, இறங்குதுறை, மூதூருக்குப் போகும் வள்ளம், கட்டி நிற்கும் படகுகள். ஒவ்வொரு கயிறும் தனித்தனியாகத் தெரிந்தது. தொழில் தெரிந்த கை. ஆனால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செம்பு.

"கோடு முடிஞ்சுது. மங்கல்தான் மிச்சம்," என்றார். "கோடு ஒரு கிழமையில கீறிப்போட்டன். கடலுக்குத்தான் பத்து மாசமா நிக்கிறன். வாடைக்காத்துத் தொடங்க முதல் ஒரு காலமை பனி மூடினமாதிரிப் புகார் வரும். அண்டைக்கு இந்த யன்னலில நிண்டு பாத்து, எத்தினை நிமிசமெண்டு பிடிக்கோணும்."

"புகாருக்குப் பத்து மாசமா?"

"தங்கச்சி, கடலும் வானமும் சேருற இடத்தில கோடு இருக்கா?"

"இருக்கு. அடிவானம்."

"காட்டுங்கோ."

யன்னலால் பார்த்தேன். அன்றைக்கு மங்கலாகத்தான் இருந்தது. "இண்டைக்குத் தெரியேல்ல."

"ஒரு நாளும் இல்லை. உங்களைப் போல ஆக்கள் கீறுறபடியாத்தான் இருக்கு." என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீங்கள் முழுக்கக் கோடு, தங்கச்சி. மருந்துக்கும் மங்கல் இல்லை."

இது என் அறிக்கையைப் பாதிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது.

பாதித்தது வேறு ஒன்றும் உண்டு. யன்னலால் பார்த்தால் மலைமுனை வலப்பக்கம் இருக்கிறது. தகட்டில் அது இடப்பக்கம் இருந்தது. இறங்குதுறையும் மாறி இருந்தது. வள்ளம் மூதூருக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

"உது எந்த இடம்?"

"யன்னலுக்கு வெளியில தெரியிற இடம்தான்."

"அப்ப முனை ஏன் இஞ்சால கிடக்கு?"

"அது போகவேண்டிய இடத்துக்குப் போகும்," என்று சொல்லிவிட்டு அவர் மெழுகு காய்ச்சப் போய்விட்டார்.

ஒரு படவரைஞருக்கு முன்னால் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அறையில் இருந்த பொருட்களை முறைப்படி பட்டியலிட்டேன். உருளை ஒன்று. அசிட் போத்தல் இரண்டு. ஊசிகள் ஒன்பது. பிஸ்கட் ரின் ஒன்று, உள்ளே பாவிக்காத கோழி இறகு ஐந்து. சான்றுப்பொருளான தகட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், அன்று பின்னேரமே அறிக்கையை முடித்தேன். 'தகட்டில் உள்ள இலக்கங்கள் இடம் வலம் மாறியுள்ளன: கவனக்குறைவு' என்பது நாலாவது குறிப்பு. 'மேற்படி நபர் துறைமுகத்தைத் தெரிந்துகொண்டே பிழையாக வரைகிறார். காரணம் விளங்கவில்லை' என்பது ஐந்தாவது. நாலாவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்த வரியில் எழுதியும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போஸ்ட்மாஸ்டர் ஐயா வாசித்துவிட்டு, "முத்திரை பற்றி ஒண்டும் எழுதேல்லையே?" என்று குறைப்பட்டார். ஆனாலும் அறிவித்தல் கொடுத்துவிட்டார். ஞாயிறு, பத்து மணி. தகட்டார், "இந்த யன்னலை விட்டா இந்தத் தகடு செத்துது," என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே போய் வானத்தைப் பார்த்தாராம்.

ஞாயிறு விடிய, கடலை மூடிக்கொண்டு புகார் வந்தது.

நான் மலர் அக்கா வீட்டில் நின்றேன். என் அறிக்கையில் செய்வினை இல்லாததால் அக்காவுக்குத் திருப்தியில்லை. தம்பலகாமத்தில் இருந்து செய்வினை எடுக்கும் பரிகாரியார் ஒருவரை வரவழைத்திருந்தார். பரிகாரியார் அமைதியான மனிதர். சட்டைப்பையில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டு, தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"இது ஆணியால கீறினது இல்லை," என்றார், சக தொழிலாளியின் மரியாதையோடு. "நல்ல கை. ஆனா இலக்கம் சரியில்லை. எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒத்து வரேல்ல. இது ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது."

"ஒண்டுமே செய்யாதா?" அக்காவின் குரலில் ஏமாற்றம்.

"தடிமன், இருமல் கூடப் பிடியாது, பிள்ளை."

"அப்ப நிலாவெளிச் சம்பந்தம்?"

"அதை மாப்பிள்ளை வீட்டாரிட்டத்தான் கேக்கோணும்."

பரிகாரியார் தகட்டை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினார். நான் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் இலக்கங்கள் நேராக இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போலத் தெளிவாக.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். தகட்டில் மாறி இருப்பது தாளில் நேராக விழும். இலக்கத்துக்கு அப்படி என்றால் மலைக்கும் அப்படித்தான். ஆகவே முனை போகவேண்டிய இடத்துக்குப் போகும். ஆகவே நான் ஒரு விசரி.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து. மேலே ஓடினேன்.

சாமான் தூக்க வந்த இரண்டு பேர் உருளையை அசைக்கப் பார்த்து, முடியாமல், அதில் சாய்ந்து நின்றார்கள். மணிக்கூடு ஏற்கெனவே பெட்டிக்குள் போய்விட்டது. தகட்டார் அசிட் தட்டுக்கு மேலே குனிந்து நின்றார். போஸ்ட்மாஸ்டர் ஐயா கறுப்புக் குடையை நிலத்தில் ஊன்றி நின்றார்.

"பத்து மணியெண்டு சொன்னனான்!"

"எட்டு நிமிசம், ஐயா. இப்பதான் போட்டனான்."

"எட்டு நிமிசமும் இல்லை, எட்டுச் செக்கனும் இல்லை. உந்தத் தட்டைத் தூக்குங்கோடா!"

"தூக்க ஏலாது ஐயா, கடல் உள்ளுக்குக் கிடக்கு!"

நான் தொலைபேசியில் நேரத்தை ஓடவிட்டு வாசலை மறித்து நின்றேன். என் வாழ்க்கையில் நான் எதையும் மறித்தது அதுதான் முதல் தடவை. "ஒருத்தரும் தொடக்கூடாது. என்ர அறிக்கை பிழை."

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? கையெழுத்து வைச்சிருக்கிறீரே!"

"ஐயா, கந்தோரில தினமும் திகதி முத்திரை குத்தினனீங்கள்தானே? அந்தக் கட்டையில எழுத்து எந்தப் பக்கமா இருந்தது?"

ஐயா குடைப்பிடியை முத்திரைக் கட்டை போலப் பிடித்துப் பார்த்தார். முப்பது வருட முத்திரைகள் அவர் கண்ணுக்கு முன்னால் போனதை நான் கண்டேன்.

"மறுபக்கமா," என்றார் மெதுவாக.

"அதுதான் இதுவும்."

ஒரு நிமிடம் முடிந்தது. "குமிழி!" என்று கத்தினார் தகட்டார். "இறகு இல்லை! தங்கச்சி, இறகு!"

யன்னலால் எட்டிப் பார்த்தேன். "மலர் அக்கா! இறகு ஒண்டு! கெதியா!"

"இப்பவும் என்னத்துக்கு?"

"கடலில குமிழி!" என்றேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று விளங்கியது.

அக்கா ஒரு கணம் பரிகாரியாரைப் பார்த்தார். "பயமில்லை பிள்ளை, இறகைக் குடும்," என்றார் அவர். அக்கா சிவப்புக் கோழிக்குப் பின்னால் ஓடினார். கோழி இதற்காகத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தது போல மதிலைச் சுற்றி ஓடியது. இரண்டு நிமிடம். அக்கா மாதுளங் கன்றில் தடக்கி விழுந்தார். மூன்று நிமிடம். கடைசியில் பரிகாரியார்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரே எட்டில் கோழியைப் பிடித்தார். தொழில் அனுபவம். இறகு கைமாறிக் கைமாறி மேலே வந்தபோது நாலாவது நிமிடம் தொடங்கிவிட்டது.

மிச்ச நேரம் தகட்டார் இறகால் குமிழிகளைத் தடவிக்கொண்டே நின்றார். நான் எண்ணினேன். "ஏழு ஐம்பத்தெட்டு, ஏழு ஐம்பத்தொன்பது, எடுங்கோ!"

தகட்டார் தகட்டைத் தூக்கித் தண்ணீருக்குள் போட்டார். பிறகு கழுவி, துடைத்து, மை பூசி, துணியால் வழித்து, கடைசியில் அந்தக் கறுத்த உள்ளங்கையால் துடைத்தார். ஈரத் தாளை விரித்தார். சாமான் தூக்க வந்த இருவரும் கேட்காமலே உருளையின் கைபிடியைப் பிடித்துச் சுற்றினார்கள். தாளை மூலையில் பிடித்து உரித்தார்.

முனை வலப்பக்கம் இருந்தது. வள்ளம் மூதூருக்குப் போனது. படகுகளின் கயிறுகள் கறுப்பாக, கூர்மையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் கடல், சாம்பல் நிறத்தில், மெல்ல மெல்ல வானமாக மாறியது. எங்கே மாறியது என்று தேடினேன். கோடு இல்லை.

போஸ்ட்மாஸ்டர் ஐயா தாளைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார். "முத்திரை ஒண்டும் காணேல்ல," என்றார். மன்னிப்புக் கேட்பதில் அது அவருடைய முறை.

ஆனால் கடலின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். இறகு இல்லாமல் போன மூன்று நிமிடத்தின் குமிழிகள். தகட்டார் மூக்குக் கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"கெட்டுப்போச்சு," என்றார். "புதுத் தகட்டில முதலில இருந்து தொடங்கோணும். அடுத்த வருசப் புகாருக்கு."

எல்லோரும் போஸ்ட்மாஸ்டர் ஐயாவைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"சாமானை இறக்குங்கோ," என்றார் ஐயா. ஏற்றாத சாமானை எப்படி இறக்குவது என்று யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, என் அறிக்கையை மீளப் பெறுவதற்காகப் புது அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பழையதை வரிவரியாக வெட்டிக்கொண்டு வந்தேன். எல்லாம் பிழை. பொருட் பட்டியல் மட்டும் சரி. உருளை ஒன்று. அசிட் போத்தல் இரண்டு. ஊசிகள் ஒன்பது. பிஸ்கட் ரின் ஒன்று, உள்ளே பாவிக்காத கோழி இறகு ஐந்து.

பேனையை வைத்துவிட்டு மேலே போனேன். தகட்டார் இல்லை, செம்பு வாங்கப் போயிருந்தார். பிஸ்கட் ரின் அசிட் தட்டுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். ஐந்து.

ஆகவே அன்றைக்கு அவரிடம் இறகு இருந்தது. கடல் சரியாக வந்திருந்தால் படம் முடிந்திருக்கும், லொறி கிளம்பியிருக்கும். கெட்டதால் நாங்கள் எல்லோரும் குற்றவாளிகளானோம், யன்னல் அவரிடமே நின்றது. அல்லது பதற்றத்தில் பக்கத்தில் இருந்த ரின் அவர் கண்ணில் படவில்லை. இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை. இறகின் எண்ணிக்கையை வெட்டிவிட்டுப் புது அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

இன்றைய நிலை:

தகட்டார் அதே மேல்வீட்டில்தான் இருக்கிறார். ஒரு புகார்க்காலம் வந்து போய்விட்டது. அந்தத் தடவை கடல் பத்து நிமிடமாகிவிட்டதாம், அதனால் இன்னொரு தகடு தொடங்கியிருக்கிறார். பரிகாரியார் வீடுகளில் வைத்துப் பூசை செய்யும் யந்திரத் தகடு ஐம்பது செய்து தரக் கேட்டார். "வெறும் கோடு, மங்கல் இல்லை" என்று தகட்டார் மறுத்துவிட்டார். மலர் அக்காவின் மகளுக்குக் குச்சவெளியில் சம்பந்தம் பொருந்தியிருக்கிறது. கலியாண வீட்டுக்குத் தகட்டாருக்கும் அழைப்பு உண்டு, உள்ளங்கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. புள்ளி விழுந்த படம் என் அலுவலக மேசைக்கு மேலே, வடிகால் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன கிழமை என்னைப் படலையில் கண்டபோது தகட்டார் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஒரு நிமிசம் பிடிச்சிருக்கு, தங்கச்சி" என்றார்.

சிவப்புக் கோழி உதிர்க்கும் நல்ல செட்டை இறகுகளை மலர் அக்கா எனக்குத் தருகிறார். அவை என் மேசை லாச்சியில் இருக்கின்றன. இன்றைக்கு ஏழு. தகட்டாரின் பிஸ்கட் ரின்னில் ஐந்து இருப்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.